ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாச்சுன்னா கேஸ் முடிஞ்சுதா?

முடியலங்க. தம்பியை விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போய் வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு கேட்டிருக்கீங்க, முதல்ல பயப்படாதீங்க. போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை கோர்ட்ல அவருக்கு எதிரா பயன்படுத்த முடியாது, பழைய சாட்சியச் சட்டத்துல இது 25வது பிரிவு, இப்போ 2023ல வந்த புது சாட்சியச் சட்டத்துல 23வது பிரிவு.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, நிறைய பேர் மாட்டுறது இங்கதான். "கத்தியை கிணத்துல போட்டேன்"னு அவர் சொல்லி, போலீஸ் போய் கத்தியை எடுத்துட்டா, அந்தக் கத்தி கிடைக்கக் காரணமான பேச்சு மட்டும் சாட்சியா உள்ள வந்துடும், "அதாலதான் குத்தினேன்"ங்கிறது வராது. அதனால மகஜர்ல, அதாவது பொருளை எடுத்தப்போ போலீஸ் எழுதுற பதிவுல, என்ன எழுதியிருக்குன்னு வக்கீலை வரிவரியா பாக்கச் சொல்லுங்க.

அரசியலமைப்புல 20(3) தனக்கு எதிரா சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாதுங்குது, 2010ல செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட் சம்மதம் இல்லாம நார்கோ டெஸ்ட்டும் (மருந்து கொடுத்து அரைமயக்கத்துல விசாரிக்கிறது) கூடாதுன்னுடுச்சு. ஆனா கைரேகை எடுக்கறதுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதே அரசியலமைப்போட 22வது பிரிவுப்படி கைதுக்கான காரணத்தை சொல்லணும், வக்கீலைப் பாக்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்.

வீட்டை சோதனை போட்டதுல முறைகேடு இருந்தா எடுத்த பொருள் செல்லாதுன்னு மட்டும் நம்பிடாதீங்க, நம்ம ஊர்ல அது தானா தள்ளுபடி ஆகாது. இப்போ சோதனையை வீடியோ எடுக்கணும்னு சட்டமே இருக்கு, அதைக் கேளுங்க. தம்பியை அடிச்சிருந்தா மாஜிஸ்ட்ரேட்கிட்டயே காயத்தைக் காட்டச் சொல்லுங்க, அங்க பதிவாகணும்.