பேச்சுவார்த்தைக்கு யார் போவது?

அக்காவுக்கு வணக்கம்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் தோல் உரிக்கிறேன். எங்கள் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போவது நாங்கள்தான். கூலி பேசப் போவது தலைவர், செயலாளர், பொருளாளர், மூவரும் ஆண்கள். கேட்டால், "பெண்கள் பொறுப்புக்கு வர மாட்டேன் என்கிறார்களே" என்கிறார் செயலாளர். தனியாகப் பெண்கள் சங்கம் ஆரம்பித்தால் என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள தோழருக்கு,

உங்கள் செயலாளர் சொன்ன பதிலைப் பல சங்கங்களில் கேட்டிருக்கிறேன். செயற்குழுவை எத்தனை மணிக்குக் கூட்டுகிறார் என்று அவரிடம் கேளுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கடலூரில் கூட்டம் என்றால், வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு யார் வருவார்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் பக்கத்திலேயே கூட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

சரி, தனிச் சங்கம். 2015-ல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களைக் கிட்டே விடாமல் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று தெருவில் உட்கார்ந்தார்கள். போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். சாதாரண வெற்றி இல்லை அது. ஆனால் அடுத்த மாதம் தினக்கூலியைப் பேசி முடித்தது பழைய சங்கங்கள்தான். பெண்கள் கேட்டது 500 ரூபாய், முடிவானது 301. அதனால்தான் வெளியே போகும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் பார்க்கும் உரிமையை 1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டமே உறுப்பினருக்குக் கொடுத்தது. பட்டியலை வாங்கிப் பெண்களை எண்ணுங்கள். அதே விகிதத்தில் செயற்குழுவிலும் பேச்சுவார்த்தைக் குழுவிலும் இடம் கேட்டுப் பொதுக்குழுவில் விதித் திருத்தம் கொடுங்கள். ஓட்டு உங்களிடம்தானே இருக்கிறது! வேடிக்கை என்னவென்றால், சங்கங்கள் எதிர்க்கிற 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலேயே, கம்பெனியின் குறைதீர்ப்புக் குழுவில் பெண்களின் பங்கு, தொழிலாளர்களில் அவர்களுடைய விகிதத்துக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. (எதிர்ப்பு நியாயமானதுதான், அது வேறு கதை.)

மகளிர் துணைக்குழு தருகிறோம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் காட்டிப் பொருளாளர் பதவியை மறக்கடிக்க விடாதீர்கள். கொட்டை உடைப்பவர்களுக்கு தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுக் கை வெந்துபோவது, கழிப்பறை, எடையில் அடிக்கிற கிலோக் கணக்கு எல்லாம் கோரிக்கை மனுவின் கடைசியில் கிடப்பது, மனு எழுதுகிறவர் அந்தக் கொட்டகையில் உட்காராததால்தான். அடுத்த மனுவை நீங்கள் எழுதுங்கள், செயலாளர் கையெழுத்துப் போடட்டும்.