வீடு கட்டித் திரும்பிவிட்டேன், மனசுதான் தங்கவில்லை

கடிதம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. 1972-இல் நர்ஸ் பயிற்சிக்காக இங்கிலாந்து போனேன். மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கிடைத்து நான்கே வருடம் ஆகியிருந்த நேரம். தீவில் படித்தவர்களுக்கும் வேலை கிடைக்காது. அங்கே மனநல மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை என்பதால் என்னைப் போல் பலரை எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். டூட்டி முடிந்து விடுதி அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. படிப்பு முடியட்டும், ஊருக்குப் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வருடங்கள் ஓடின. ஊருக்குப் போகும் பேச்சு மட்டும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரரும் இந்தத் தீவுதான், மாஹேபூர் பக்கத்துக்காரர், அவருக்கும் அதே ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இங்கே கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டினோம். அது முடிவதை அவர் பார்க்கவில்லை. போன வருடம் நான் மட்டும் வந்து சேர்ந்தேன்.

குறை சொல்ல எதுவும் இல்லை. தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். கோர் த கார்த் மலைச்சரிவு முருகன் கோயில் தூரமில்லை. காவடிக்கு லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டாம், இங்கே அது பொது விடுமுறை. விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறி சாப்பிட வேண்டும் என்று அங்கே எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! இப்போது சாப்பிடுகிறேன், மனசு நிறையவில்லை. மாடி பஸ்ஸில் மேலே முன் சீட், தெருமுனை லைப்ரரி, நான் காலையில் திரையை விலக்காவிட்டால் வந்து கதவைத் தட்டும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, லண்டன் ஹைகேட் முருகன் கோயிலில் பழகிய யாழ்ப்பாணத்து அம்மாக்கள், எல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. "அங்கே இருந்தப்போ ஊர் ஊர்னு அழுதே, இப்போ அதுக்கு அழறியா?" என்கிறாள் தங்கை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மருத்துவமனையை மூட ஆரம்பித்தார்கள். பல பத்தாண்டுகள் வார்டிலேயே கிடந்தவர்களைத் தோட்டம் வைத்த சின்ன வீடுகளுக்கு மாற்றினோம். சொந்த அறை, சொந்தச் சாவி. அப்படியும் சிலர் வார்டுக்கே போக வேண்டும் என்று அழுதார்கள். நானும் அப்படி ஆகிவிட்டேனா? இது மனச்சோர்வா? வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடமே போய்விடட்டுமா?

பதில்

அன்புள்ள அம்மா,

வார்டுக்காக அழுதவர்கள் பூட்டிய கதவுக்காக அழவில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்காகவும், தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்காமலே தெரிந்த நர்ஸுக்காகவும் அழுதார்கள். அது பைத்தியக்காரத்தனம் இல்லை. உங்கள் ஏக்கமும் பைத்தியக்காரத்தனம் இல்லை. வேலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. அந்த இடத்துக்காக ஏங்குவது பிறந்த ஊருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் சொந்த ஊர் திரும்பும்போது இன்னொரு முறை தடுமாறுகிறார்கள் என்று 1963-லேயே குல்லாஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதியர் எழுதினார்கள். போகும் இடம் அந்நியமாக இருக்கும் என்று எல்லோரும் தயாராகத்தான் போகிறோம். சொந்த ஊருக்கு அப்படி யாரும் தயாராவதில்லை. நீங்கள் விட்டுப் போனபோது உங்கள் ஊர்ப் பக்கத்து எபேன் கரும்புத் தோட்டம், இன்று கண்ணாடிக் கட்டடங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. "அது முடிவதை அவர் பார்க்கவில்லை." அதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். லண்டனில் அந்த பஸ்ஸிலும், அந்தத் தெருவிலும், அந்தச் சமையலறையிலும் அவர் இருந்தார். இந்த வீட்டில் அவர் ஒரு நாளும் தூங்கவில்லை. அவர் போன பிறகு கொத்தனார், பெயிண்ட், சாமான் அனுப்புவது என்று வேலை உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வேலை முடிந்ததும் துக்கம் உட்கார இடம் கிடைத்துவிட்டது. நீங்கள் இங்கிலாந்துக்காக அழுவதில் பெரும்பங்கு அவருக்காக என்றே நான் நினைக்கிறேன். இருவரும் சேர்ந்து திரும்புவதாகத்தானே பேச்சு? தனியாகத் திரும்புவதைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

அதனால் மாஹேபூர் போய் வாருங்கள். அவர் சின்ன வயதில் விளையாடிய இடம், படித்த பள்ளி, மிச்சமிருக்கும் உறவுகள். லண்டனுக்கு முந்திய அவர் இந்தத் தீவில்தான் இருக்கிறார், அவரை நீங்கள் அதிகம் பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியோ, குளிர்காலக் கோட்டோ பிள்ளைகளிடம் இருந்தால் வரவழைத்துக்கொள்ளுங்கள். கோட்டு இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

தங்கை விஷயம். அவருக்குத் தெரிந்த அக்கா 1972-இல் விமானம் ஏறிய பெண். இரவு டூட்டியும் அந்த முதல் குளிர்காலமும் அவருக்குத் தெரியாது. லீவில் வரும்போது அதையெல்லாம் யாரும் சொல்வதில்லை, சாக்லேட்டும் புதுத் துணியும்தான் வரும். இப்போது சொல்லுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள். அப்பா அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தங்கையாக இருந்தால், அவருடைய கோபத்துக்கு லண்டன் மட்டும் காரணமாக இருக்காது.

மனச்சோர்வா என்று கேட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் ஒருமுறை தைராய்டு, பி12 பார்த்துக்கொள்வது நல்லது. இந்த வயதில் அவை குறைந்தாலும் மனசு சோர்ந்துபோகும். இதை நர்ஸுக்கே சொல்கிறேன், மன்னியுங்கள்.

வீட்டை இப்போது விற்காதீர்கள். துக்கம் இவ்வளவு பச்சையாக இருக்கும்போது எடுக்கும் முடிவைத் திருப்ப முடியாது. இங்கிலாந்துக் கோடையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ பிள்ளைகளிடம் போய் இருங்கள். பாட்டியையும் பாருங்கள், பஸ்ஸிலும் ஏறுங்கள். அங்கே இருக்கும்போது மனம் எதைத் தேடுகிறது என்று கவனித்து, வந்தபின் எனக்கு எழுதுங்கள். அதன் பிறகும் அங்கேயே போக வேண்டும் என்று தோன்றினால், அதுவும் சரியான முடிவாகவே இருக்கலாம்.

பயணக் காப்பீடு எடுக்காமல் மட்டும் கிளம்பாதீர்கள். வாழ்நாளெல்லாம் அங்கே உழைத்து வரி கட்டியிருந்தாலும், வெளிநாட்டில் குடியிருப்பவர் என்று ஆகிவிட்டால், பார்க்கப் போகும் நாட்களில் அரசு மருத்துவமனையில் அனுமதித்தால் கட்டணம் கேட்பார்கள்.