சொந்தமாகக் கட்டிய விமானம் மேலேறும்போது சிலிண்டர்கள் அதிகம் சூடாவது ஏன்?

லைகமிங் ஓ-320 போன்ற காற்றால் குளிரும் எஞ்சின் என்றால், காற்று நுழையும் முன்துவாரத்தைப் பெரிதாக்க அவசரப்படாதீர்கள். காற்று நுழைந்தால் போதாது; எஞ்சினுக்கு மேலே அழுத்தம் கூடி, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் துடுப்புகளின் ஊடே கீழிறங்கி வெளியேற வேண்டும். காற்றை அப்படித் திருப்பிவிடும் தடுப்புத் தகடுகளின் ஓர ரப்பர் மடங்கியிருந்தால் காற்று சுலபமான வழியில் நழுவிவிடும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். எஞ்சின் மூடியை மாட்டியபடியே எஞ்சினுக்குக் கீழே விளக்கு வைத்து முன்துவாரம் வழியாகப் பாருங்கள். துடுப்புகளைத் தவிர எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் அது ஓட்டைதான், சிலிகோன் பசையால் அடையுங்கள். அப்புறம், வெளியேறும் வழி குறுகலா என்றும் பார்க்கணும்.

சிலிண்டர் தலைக்கு உச்சவரம்பு 260 டிகிரி செல்சியஸ். நான் 205-ஐத் தாண்ட விடமாட்டேன். ஏறும்போது கூடினால் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டுங்கள், காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் குறைக்காதீர்கள். புது எஞ்சின் என்றால் பிஸ்டன் வளையங்கள் படியும்வரை கொஞ்சம் சூடாகத்தான் ஓடும்.