டிசம்பர், ஜனவரியில் சைப்ரஸ் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கடலில் குளிக்க முடியாத மாதத்தில் ஒரு தீவுக்குப் போய் என்ன செய்வது, காசு வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. நானும் மனைவியும் டிசம்பர் 28 அன்று போய் இறங்கி, ஜனவரி 7 வரை இருந்தோம். அதற்கு முன்பு ஒரு ஜூலையில் நண்பர்களோடும் போயிருக்கிறேன். இரண்டில் எது என்றால் யோசிக்காமல் குளிர்காலத்தைத்தான் சொல்வேன். ஆனால் கடற்கரையில் அறை எடுத்துக்கொண்டு, மலையை ஒரே நாளில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். மலைக் கிராமத்தில் குறைந்தது நான்கு இரவாவது தங்குங்கள்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் பகல் வெளிச்சம். அந்த மாதங்களில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் போய்விடும். கடலோர நகரமான லிமசோலிலிருந்து ட்ரோடோஸ் மலைக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். காலையில் சாப்பிட்டுக் கிளம்பினால் இரண்டு ஊர் பார்ப்பதற்குள் இருட்டிவிடும். கிராமத்தில் தங்கினால் இருட்டிய பிறகும் அடுப்பங்கரையில் பேச்சும் சாப்பாடும் இருக்கும்.

கடலோரத்தில் அயியா நாபா பக்கம் போக வேண்டாம். அது கோடைக்கென்றே இருக்கிற ஊர், குளிர்காலத்தில் பெரும்பாலான ஹோட்டல்கள் பூட்டியே கிடக்கும். லார்னகா, லிமசோல், பாஃபோஸ் மூன்றும் வருடம் முழுக்க மக்கள் வாழும் ஊர்கள். பகலில் 16, 17 டிகிரி இருக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

லார்னகா விமான நிலையத்தை ஒட்டியே ஓர் உப்பு ஏரி இருக்கிறது. கோடையில் அது வற்றி, வெள்ளை உப்புப் படுகையாகக் கிடக்கும். நான் ஜூலையில் பார்த்தது அதைத்தான். மழை பெய்து தண்ணீர் நின்றதும் சின்னஞ்சிறு உப்பு இறால்கள் பெருகும், அவற்றைத் தின்னப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரை அவை அங்கேதான். எதிர்க்கரையில் ஹலா சுல்தான் பள்ளிவாசல், பேரீச்ச மரங்கள், நடுவில் இளஞ்சிவப்பாகக் கூட்டம் கூட்டமாகப் பறவைகள். கோடியக்கரையில் வெகு தூரத்தில் புள்ளிகளாகப் பார்த்த பூநாரைகளை, இங்கே தலையைத் தண்ணீரில் கவிழ்த்து அலகால் அரித்துத் தின்பது தெரியும் அளவுக்குப் பக்கத்தில் பார்த்தோம்.

மலையில் நாங்கள் தங்கியது கக்கோபெட்ரியாவில். பழைய பகுதி முழுக்க மரப் பால்கனி வைத்த மண்கல் வீடுகள், கீழே இரைச்சலோடு ஓடும் ஆறு. எங்களுக்கு அறை கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் மாலை சமையலறை வழியாகப் போகும்போது "கோப்பியாஸ்தே" என்றார். சாப்பிட வாங்க, வந்து உட்காருங்க என்பதற்கு அந்த ஊர்ச் சொல். யார் வீட்டு வாசலைத் தாண்டினாலும் இதைக் கேட்கலாம். அவர் மடியில் ஒரு முறம் அளவு தட்டு, அதில் நமக்கு நன்றாகத் தெரிந்த கிழங்கு. சேப்பங்கிழங்கேதான், கொஞ்சம் பெரிய ரகம். அங்கே அதற்குக் கொலோகாசி என்று பெயர், குளிர்காலச் சமையலில் முக்கியமான பொருள். என் மனைவி ஆச்சரியத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அரிந்த விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. தோலைச் சீவிய பிறகு கிழங்கைத் தண்ணீரில் காட்டவே இல்லை, துணியால் துடைத்தார். கத்தியைப் பாதி வரைதான் இறக்கினார், பிறகு மணிக்கட்டைத் திருப்பி 'டக்' என்று உடைத்தார். ஒவ்வொரு துண்டும் அப்படித்தான். கழுவினாலோ முழுசாக அறுத்தாலோ கொழகொழப்பு வந்துவிடுமாம். நாம் வேகவைத்து, புளி விட்டு, வறுத்து, எத்தனை பாடுபடுகிறோம்! அவர் அதைத் தக்காளி, வெங்காயம், செலரித் தண்டோடு எலுமிச்சை பிழிந்து சமைத்தார். வழக்கமாகப் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், எங்களுக்காகச் சேர்க்கவில்லை. சைவமாகச் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். தட்டைப்பயறும் கீரையும் வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவதற்கு லூவி என்று பேர், கேட்டால் எந்த வீட்டிலும் செய்து தருவார்கள்.

ட்ரோடோஸில் சுவரோவியம் உள்ள பழைய தேவாலயங்கள் நிறைய. அவற்றில் பத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டுக்கொட்டகை என்று நினைப்பீர்கள். சரிவான மரக்கூரை, மேலே தட்டை ஓடு, அவ்வளவுதான். கோடையில் எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. ஜனவரியில் பெதுலாஸ் கிராமத்தில் கூரையிலிருந்து பனிக்கட்டி வழுக்கி விழும் சத்தம் கேட்டபோதுதான் புரிந்தது. பனி தேங்காமல் சரிந்து விழத்தான் அந்தக் கூரை. அதனால்தான் உள்ளே ஓவியங்கள் இவ்வளவு காலம் தாங்கியிருக்கின்றன. அங்கே 1474இல் கட்டிய மிக்கேல் தேவதூதர் கோவிலின் சுவரில், அதைக் கட்டக் காசு கொடுத்த பாதிரியார் பசிலியோஸ் சாமாடோஸ் குடும்பத்தோடு நிற்கிறார். கையில் அதே கோவிலின் சின்ன உருவம், அதே சரிவுக் கூரையோடு. அந்தப் படத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றோம், எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆசினூ தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள், அங்குள்ள ஓவியங்களில் சில 1105-06 காலத்தவை.

கார் இல்லாமல் முடியாது, மலைக்குப் பேருந்து மிகக் குறைவு. 1960 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தீவு என்பதால் வண்டி நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். ட்ரோடோஸின் 1952 மீட்டர் உயர ஒலிம்பஸ் சிகரத்துக்கு ஏறும் வழியில் எங்களைப் போலீஸ் நிறுத்தினார்கள். முந்தைய இரவு பனி கொட்டியிருந்ததால் சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட வண்டிகளையும் நான்கு சக்கர இயக்க வண்டிகளையும் மட்டும்தான் மேலே விட்டார்கள். வாடகைக் காரில் சங்கிலி இல்லை, திரும்பிவிட்டோம். கார் எடுக்கும்போதே சங்கிலி கேட்டு வாங்குங்கள். அறை பதிவு செய்யும்போது கணப்போ ஹீட்டரோ உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள், கல் வீடுகள் இரவில் எலும்பு வரை குளிரும்.

அன்று மலையேற முடியாததால் மதியமே கீழே இறங்கி, பாஃபோஸ் சாலையிலுள்ள பெத்ரா து ரோமியூவுக்குப் போனோம். கிரேக்கக் காதல் தெய்வம் அஃப்ரோதீத்தி கடல் நுரையிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் பாறை. மணல் கிடையாது, கூழாங்கல் கரை. அலை பின்வாங்கும்போது ஆயிரம் கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் சத்தம் வரும். கோடையில் கூட்டத்தின் இரைச்சலில் அது என் காதில் விழவே இல்லை.

தேதியை உங்களால் மாற்ற முடியுமானால் ஜனவரி 5, 6 இரண்டும் உள்ளே வரும்படி போடுங்கள். ஆறாம் தேதி திருக்காட்சிப் பெருவிழா என்ற கிறிஸ்தவப் பண்டிகை. லார்னகா துறைமுகத்தில் ஆயர் சிலுவையைக் கடலில் எறிய, இளைஞர்கள் அந்தக் குளிரில் குதித்து எடுத்து வருவார்கள். அதற்கு முந்தைய மாலை கக்கோபெட்ரியாவில் அந்த அம்மா தேன்பாகில் ஊறிய லூக்குமாதெஸ் உருண்டைகள் பொரித்தார். கிறிஸ்துமஸிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் கலிகாஞ்சரி என்ற குட்டிப் பேய்கள் தின்றுவிட்டுப் போகட்டும் என்று முதல் சில உருண்டைகளை ஓட்டுக்கூரை மேல் வீசினார். பிறகு என் மனைவி கையிலும் இரண்டைக் கொடுத்து, வீசு என்று கூரையைக் காட்டினார்.