கோபுரக் கணக்கு வேறு, கூட்டக் கணக்கு வேறு

கேள்வி: ஹூஸ்டனில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நகர மையமான டவுன்டவுனைப் பார்க்கப் போனோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்குக் கட்டடங்கள் இருந்தனவே தவிர, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மகனோ, “இது அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம், சிகாகோவுக்குச் சளைத்ததல்ல” என்கிறான். நியூயார்க் நீங்கலாக, அந்த நாட்டில் உண்மையிலேயே பெரிய, கலகலப்பான டவுன்டவுன் எது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சிகாகோ. இந்த விடையில் தயங்குவதற்கு எதுவும் இல்லை. ஆனால், அளவையும் கலகலப்பையும் நீங்கள் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் அவற்றோடு மக்கள்தொகையையும் கலந்துவிட்டார். அமெரிக்க நகரங்களில் இந்த மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மக்கள்தொகையை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேர் வசித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 8.7 லட்சம், பாஸ்டனில் 6.75 லட்சம். அதை வைத்து ஜாக்சன்வில்லின் மையப்பகுதி பாஸ்டனைவிடப் பெரியது என்று அந்த ஊர்க்காரர்கூடச் சொல்லமாட்டார். 1968இல் நகர நிர்வாகத்தையும் சுற்றியிருந்த டுவால் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தையும் இணைத்தபோது புறநகர்களும் காடும் சதுப்பு நிலமும் நகர எல்லைக்குள் வந்துவிட்டன. சான் பிரான்சிஸ்கோவின் நிலப்பரப்பு 47 சதுர மைல். ஜாக்சன்வில்லுக்கு அதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்த எண்ணை வைத்துக்கொண்டு டவுன்டவுனை அளக்க முடியாது.

ஹூஸ்டனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், நீங்கள் போன கிழமையும் தவறு, பார்த்த தளமும் தவறு. அங்கே தெருவுக்கு ஏறத்தாழ இருபது அடி கீழே, ஆறு மைல் அளவுக்கு நீளும் சுரங்க நடைபாதைகள் அலுவலகக் கட்டடங்களை இணைக்கின்றன. உணவகம், முடிதிருத்தகம், மருந்துக் கடை எல்லாம் அங்கேதான். கோடை வெயிலுக்கு அஞ்சி அலுவலர்கள் மதிய உணவுக்குக் கீழே இறங்குகிறார்கள். வார இறுதியில் அந்தச் சுரங்கங்களின் பெரும்பகுதி மூடிக் கிடக்கும். மினியாபொலிஸ் நகரம் இதையே குளிருக்காக இரண்டாம் மாடி உயரத்தில், கண்ணாடிப் பாலங்களாகச் செய்திருக்கிறது. இரு ஊர்களிலும் பாதசாரிக்கு வசதி கிடைத்தது. தெருவோரக் கடைகளுக்கு வாடிக்கையாளர் குறைந்தார்கள். போதாக்குறைக்கு, ஹூஸ்டனின் பரபரப்பு ஒரே இடத்தில் தங்கவும் இல்லை. 64 மாடி வில்லியம்ஸ் டவர் டவுன்டவுனில் இல்லை. அங்கிருந்து பல மைல் மேற்கே கேலரியா வட்டாரத்தில் நிற்கிறது. புகழ்பெற்ற மருத்துவ வளாகமும் டவுன்டவுனுக்குத் தெற்கே தனி நகரம்போல் இயங்குகிறது.

உயரத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள தொலைவைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டும். அங்கே பிராட்வேயில், 1917 முதல் இயங்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் மதிய வேளையில் உட்கார இடம் கிடைப்பதே அரிது. அதன் பின்வாசல் வழியாக வெளியே வந்தால், எதிரே ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் என்ற, முந்நூறு அடி நீளம்கூட இல்லாத சாய்வு ரயில் பாதை இருக்கிறது. அதில் ஏறி ஓரிரு நிமிடங்களில் பங்கர் ஹில் உச்சியை அடைந்தால், பளபளக்கும் கோபுரங்களும் அகன்ற முற்றங்களும் தென்படும். மனிதர்களைத்தான் தேட வேண்டும். அந்தக் குன்றில் ஒரு காலத்தில் நெருக்கமாக நின்ற பழைய மர வீடுகளையும் வாடகை விடுதிகளையும் நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் இடித்துவிட்டு எழுப்பிய வட்டாரம் அது. 1957 வரை அந்நகரில் 150 அடிக்கு மேல் கட்டத் தடை இருந்தது. 1928இல் எழுந்த மாநகர மன்றக் கட்டடத்துக்கு மட்டும் விலக்களித்தார்கள். தடை நீங்கிக் கோபுரங்கள் வந்தன. கீழே பிராட்வேயில் ஏற்கெனவே இருந்த சந்தடி அவற்றோடு மேலே ஏறிவரவில்லை.

சட்டப்படியே உயரம் மறுக்கப்பட்ட வாஷிங்டனில், 1910ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருந்தும், வேலை நாள்களில் மையத் தெருக்கள் நிறைந்தே இருக்கின்றன. தெருக்களை வகுத்த விதத்துக்கும் இதில் பங்குண்டு. ஆரிகனின் போர்ட்லேண்டில் ஒரு பிளாக்கின், அதாவது இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதியின், நீளம் 200 அடி. சால்ட் லேக் சிட்டியில் 660 அடி. பின்னதில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போவதற்குள், போர்ட்லேண்டில் நடப்பவர் மூன்றாவது பிளாக்கின் கடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிகாகோவில் மூன்று கணக்குகளும் ஓரளவு பொருந்தி வருகின்றன. 1897இல் முழுமையடைந்த உயர்மட்ட ரயில் வளையம் இன்றும் மையப்பகுதியைச் சுற்றி ஓடுகிறது. அந்த வட்டாரத்துக்கே ‘லூப்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 110 மாடி வில்லிஸ் டவர் இருக்கும் அதே வட்டாரத்தில் நாடக அரங்குகளும் கலைக்கூடமும் கல்லூரிகளும் ஸ்டேட் ஸ்ட்ரீட் கடைவீதியும் இருப்பதால், அலுவலகம் மூடிய பிறகும் மக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனாலும் வங்கிகள் நிறைந்த லாசால் ஸ்ட்ரீட் மாலை ஆறு மணிக்கு மேல் அடங்கிவிடும். அதனால்தான் அங்குள்ள பழைய அலுவலகக் கட்டடங்களைக் குடியிருப்புகளாக மாற்ற மாநகர நிர்வாகம் முனைந்திருக்கிறது.

அடுத்த இடத்தைச் சிலர் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தருவார்கள். பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் நானும் தந்திருப்பேன். கணினித் துறை அலுவலகங்களையே பெரிதும் நம்பியிருந்த அதன் மையப்பகுதி, பெருந்தொற்றுக்குப் பின் ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும் ஆட்டம் கண்டது. பிலடெல்பியாவின் மையப்பகுதிக்கு அப்படி ஒரே ஊன்றுகோல் இல்லை. குறுகிய தெருக்களில் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் வேலைக்கும் 1893 முதல் நடக்கும் ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டுக்கும் நடந்தே போகிறார்கள். நகர மன்றக் கோபுரத்தின் மேல் நிற்கும், ஊரை நிறுவிய வில்லியம் பென்னின் சிலையின் தொப்பியைவிட உயரமாக எதையும் கட்டுவதில்லை என்ற எழுதாத உடன்பாட்டை 1987 வரை காத்த ஊர் அது. 2020 கணக்கெடுப்பில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வித்தியாசத்தில் பீனிக்ஸ் அதை முந்தி ஐந்தாம் இடத்துக்கு வந்தது; இரண்டு ஊர்களின் மையத்திலும் ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்தவர்கள் அந்த வரிசையைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனவே என் கணக்கில் சிகாகோவுக்கு அடுத்தது பிலடெல்பியாதான். பாஸ்டன் அபிமானிகள் மறுத்து எழுதினால் அடுத்த இதழில் இடம் தருகிறேன்.