கையெழுத்துப் போட்டவர்களும் கேட்கப்படாதவர்களும்

அன்புள்ள ஐயா,

இருபது ஆண்டுகளாக ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். வீட்டுக்கடன் ராயல் பேங்க் ஆஃப் கனடாவில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அதே வங்கியின் வாசலில் பதாகையோடு நிற்கிறாள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் போட்ட கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்க்கு வங்கி கடன் கொடுத்ததாம். குழாய் போட்டது வேறு கம்பெனி. கடன் கொடுப்பது வங்கியின் தொழில். வழியில் உள்ள 20 பழங்குடி மன்றங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. எதிர்ப்பவர்கள் பரம்பரைத் தலைவர்கள். ஓட்டு வாங்காமல் பட்டம் சுமப்பவர்களுக்காகவா நம் பிள்ளைகள் தெருவில் நிற்பது? ஜமீன்தார்களை ஒழித்தோம் என்று பெருமை பேசியவர்கள் அல்லவா நாம்? இப்போது குழாய் வேலையே முடிந்துவிட்டது. கடனை வேறு வங்கிக்கு மாற்று என்கிறாள். என்ன சொல்லட்டும்?

கே., ஸ்கார்பரோ

அன்புள்ள கே.,

ஜமீன்தார் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தின் பாரம் முழுவதும் அதன் மேல்தான் இருக்கிறது.

குழாயை எதிர்க்கும் அந்தப் பரம்பரைத் தலைவர்கள் வெட்ஸுவெட்டன் என்ற பழங்குடியினர். அந்த மக்களிடம் ஐந்து குலங்கள், அவற்றுக்குள் 13 இல்லங்கள். ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு தலைமைப் பட்டம், அதோடு சேர்ந்த காடும் ஆறும். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டர். குலம் தாய்வழி. தலைவரின் மகன் அம்மாவின் இல்லத்தைச் சேர்ந்தவன், அப்பாவின் பட்டத்துக்கு வாரிசு அல்ல. பட்டம் ஏற்பவர் விருந்து அவை கூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க வேண்டும், வாங்கியவர்கள் சாட்சி. பட்டத்தைப் பறிக்கவும் முடியும். இந்த விருந்துகளைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடை செய்திருந்தது. குத்தகை வசூலித்த நம் ஜமீனை எந்த வெள்ளைக்கார அரசு அப்படித் தடை செய்தது? உட்கார வைத்துப் பட்டயம் அல்லவா கொடுத்தது?

நீங்கள் ஜனநாயகமாகக் காணும் அந்த மன்றங்கள் பழங்குடிகளை ‘இந்தியர்’ என்று அழைத்த கனடாவின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டத்தின் பிள்ளைகள். அந்தச் சட்டம் அவற்றுக்குக் கொடுத்த அதிகாரம் ஒதுக்கப்பட்ட சிறு குடியிருப்பு நிலங்களுக்குள் அடங்குவது. பஞ்சாயத்துத் தலைவர் ஊருக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டக் கையெழுத்துப் போடலாம். பக்கத்து மலையை எழுதிக் கொடுக்க முடியுமா? டாசன் கிரீக் பக்கமிருந்து கிட்டிமட் துறைமுகம் வரை 670 கிலோமீட்டர் ஓடும் குழாயில் பெரும்பகுதி அந்த ‘மலை’யில்தான் கிடக்கிறது. மன்றத்தார் இந்த வாதத்தை ஏற்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பட்டம் சுமப்பவர்களுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று கேட்டால், நீதிமன்றத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலம் எங்களுடையது என்று 1984இல் வழக்குப் போட்டவர்கள் வெட்ஸுவெட்டன் மக்களும் அவர்களது அண்டை மக்களான கிட்க்ஸான்களும் கொண்ட பரம்பரைத் தலைவர்கள்தாம். டெல்கமூக் வழக்கு என்பார்கள். விசாரணை 1987இல் தொடங்கி 374 நாட்கள் நடந்தது. மேரி ஜான்சன் என்ற கிட்க்ஸான் மூதாட்டி சாட்சிக் கூண்டில் தன் இல்லத்துக்குரிய துயரப் பாடலைப் பாட விரும்பினார். எழுதப்படாத அவர்கள் நிலவரலாற்றில் அப்படிப்பட்ட பாடல்தான் பத்திரம். தனக்கு இசை ஏறாத தகரக் காது, தன்னிடம் பாடிப் பயனில்லை என்றார் நீதிபதி. மூதாட்டி பாடினார். பிறகு இதை ஒரு கேலிச்சித்திரமாகவும் வரைந்தார்கள்; அதில் மூதாட்டி, பரவாயில்லை, என்னிடம் தகர டப்பா திறக்கும் கருவி இருக்கிறது என்பார். நான் பார்த்த நீதிமன்றக் கேலிகளில் இதற்கு இணை கிடையாது.

1991இல் வழக்கு தள்ளுபடியானது. 1997 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தியது: வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்புக் கொடுக்காதது பிழை, பழங்குடி நில உரிமையை மாகாணம் அழித்துவிட முடியாது. ஆனால் நிலம் இவர்களுடையது என்று அது தீர்ப்பளிக்கவில்லை. மறுவிசாரணை நடக்கட்டும் என்றது. அது நடக்கவே இல்லை. தீராத அந்த வழக்கின் மேல்தான் குழாய் போட்டார்கள். வேலையை யாரும் மறிக்கக் கூடாது என்று கம்பெனி முதலில் வாங்கிய இடைக்காலத் தடையாணை 2019 டிசம்பர் 31 அன்று நீட்டிக்கப்பட்டது. 2019, 2020, 2021 என்று மூன்று முறை ஆயுதம் தாங்கிய போலீஸ் காட்டுக்குள் போனது. 2020 பிப்ரவரியில் உங்கள் டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியலுக்கு ரயில் ஓடாத நாட்கள் நினைவிருக்கும். ஒன்டாரியோவின் டயண்டினாகா மோஹாக் பழங்குடி மக்கள் தண்டவாளத்தின் பக்கத்தில் முகாமிட்டது இவர்களுக்காக.

மகளிடம் கேட்க உங்களுக்கும் ஒன்று தருகிறேன். குழாய்க்கு ஆதரவாக நின்ற சில பெண்களின் பட்டங்களைப் பரம்பரைத் தலைவர்கள் பறித்தார்கள். அது நியாயமா என்று அந்த மக்களுக்குள்ளேயே மனக்கசப்பு உண்டு. கையெழுத்திட்ட மன்றங்களும் விலைபோனவை அல்ல. கிட்டிமட்டின் ஹைஸ்லா மக்கள் எரிவாயு ஏற்றுமதியால் தலைமுறை வறுமை தீரும் என்று மனமார நம்புகிறார்கள். பதாகையில் இதற்கெல்லாம் இடம் இருக்காது.

வங்கி விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முதலில் 620 கோடி டாலர் என்று சொன்ன திட்டம் 1,450 கோடியில் போய் நின்றது. எந்தக் கம்பெனியும் இதை மடியில் முடிந்து வைத்திருப்பதில்லை. குழாய் போட்ட டிசி எனர்ஜி 65 சதவீதப் பங்கை கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும், அல்பெர்ட்டா பொதுத்துறை ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்யும் ஏ.ஐ.எம்.கோவுக்கும் விற்றது, மிச்சத்துக்குக் கடன் வாங்கியது. காட்டுக்குள் தடையாணை, அதை மீறினால் சிறை. டிஸ்டாஹில் என்ற வெட்ஸுவெட்டன் தலைவருக்கு 60 நாள் வீட்டுக்காவல் விதித்தபோது, கனடாவின் முதல் மனசாட்சிக் கைதி என்று அவரை அம்னெஸ்டி மனித உரிமை அமைப்பு அறிவித்தது. வங்கி வாசலில் அந்தத் தடையாணை செல்லாது. போராட்டம் அங்கே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வங்கியும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நடந்துகொள்ளவில்லை. 2023 ஏப்ரலில் சாஸ்கட்டூனில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு வந்த பழங்குடிப் பிரதிநிதிகளைத் தனி அறையில் உட்கார வைத்துத் திரையில் பார்க்கச் சொன்னது. 1987இல் தகரக் காது, 2023இல் மூடிய கதவு.

குழாய் முடிந்துவிட்டது என்பது பாதி உண்மை. 2025 ஜூன் இறுதியில் கிட்டிமட்டிலிருந்து எரிவாயு ஏற்றிய முதல் கப்பல் கிளம்பியது. ஆண்டுக்கு 1.4 கோடி டன் என்ற அந்த ஏற்றுமதி ஆலையின் கொள்ளளவை இரட்டிப்பாக்கும் இரண்டாம் கட்டம் பேச்சில் இருக்கிறது. அதற்குப் புதுக் குழாய் வேண்டாம். எரிவாயுவைத் தள்ளும் அழுத்த நிலையங்களைக் கூட்டினால் போதும். அதற்கும் யாராவது கடன் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கடன்? எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய வங்கிக்கு மாற்றிப் பயனில்லை. மற்ற பெரிய வங்கிகளும் இந்தக் கடனில் பங்கெடுத்தவைதான். கூட்டுறவுக் கடன் சங்கங்களை விசாரிக்கலாம். தவணைக்காலம் முடியுமுன் முறித்தால் அபராதம் கேட்பார்கள், அதைப் போராட்டக்காரர்கள் கட்ட மாட்டார்கள். பத்திரத்தில் புதுப்பிக்கும் தேதி என்ன என்று பார்த்து மகளிடம் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கங்களின் வட்டி விகிதங்களை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார் என்பது என் ஊகம்.