பொறி நிறைய ஈ, காய் நிறைய புழு: எங்கே தப்பு?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எனக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு. பாதி நீலம், மீதி பெங்களூரா. போன பருவத்தில் மருந்துக்கடையில் சொன்னபடி மே மாதக் கடைசியில் ஏக்கருக்கு 4 பழ ஈ பொறி மாட்டினேன். வாரா வாரம் கை நிறைய ஈ கொட்டினேன். அப்படியும் நீலம் பறிக்கும்போது பாதிக்குப் பாதி புழு. பக்கத்துப் பாகல் பந்தலிலும் அதே பொறியைக் கட்டினேன். அங்கே பேருக்குக்கூட ஈ விழவில்லை, பிஞ்சு மட்டும் அழுகியது. இந்தப் பொறி நிஜமாகவே பலன் தருமா, காசுக்குக் கேடா?

பதில்: அடுத்த முறை பொறியைக் கழற்றும்போது செத்த ஈக்களை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, ஒவ்வொன்றின் வால் பக்கத்தையும் பாருங்கள். பெண் ஈக்கு வால் நுனி ஊசிபோல நீண்டிருக்கும். காய்த் தோலைத் துளைத்து முட்டை வைப்பது அந்த ஊசியால்தான். உங்கள் தாளில் கிடப்பவை கிட்டத்தட்ட எல்லாமே வால் மழுங்கிய ஈக்களாக இருக்கும், அதாவது ஆண்கள். மாந்தோப்புப் பொறியில் இருக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். காயைக் குத்தும் பெண் ஈ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படியென்றால் ஆணைக் கொன்று என்ன லாபம்? ஆண் இல்லாவிட்டால் பெண் இடும் முட்டை பொரியாது, கணக்கு அவ்வளவுதான். இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் பசிபிக் கடலில் உள்ள ரோட்டா என்ற சின்னத் தீவில், மெத்தில் யூஜினாலும் நேலெட் என்ற பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டார்கள். ஆண்களை மட்டும் கொன்றே அந்தத் தீவில் நம் மாம்பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஆனால் அது சுற்றிலும் கடல் உள்ள இடம், வெளியிலிருந்து ஈ வர வழியில்லை. உங்கள் 3 ஏக்கருக்கு வேலி உண்டு, கடல் இல்லை. ஒரு ஆண் ஈ பல பெண்களோடு சேரும் என்பதால், பத்தில் ஏழெட்டு ஆண் செத்தாலும் மீதி இருப்பவை வேலையை முடித்துவிடும். போதாததற்குப் பக்கத்துத் தோப்பிலும் கொய்யாக் கொல்லையிலும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பெண்கள் பறந்து வந்து உங்கள் நீலத்தைக் குத்தும். அவற்றை உங்கள் பொறி ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் பொறியில் ஈ குவிவதைப் பார்த்து வெற்றி என்று நினைக்காதீர்கள். ஊரில் ஈ எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்கிறது, அவ்வளவே. ஏக்கருக்கு 4 பொறி அந்தக் கண்காணிப்புக்குத் தாராளம். கட்டுப்பாட்டுக்கு வேண்டுமானால் ஹெக்டேருக்கு 25, அதாவது ஏக்கருக்கு 10 என்பதுதான் தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. அதையும் மே கடைசியில் தொடங்கினால் தாமதம். பறிப்புக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே, நீலத்துக்கு ஏப்ரல் கடைசிக்குள், பொறி மரத்தில் இருக்க வேண்டும். முட்டையிலிருந்து அடுத்த ஈ வெளிவர ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும். காய் முற்றும்போது மாட்டினால் ஒரு தலைமுறை ஏற்கெனவே கிளம்பியிருக்கும். அக்கம்பக்கத்தில் நாலைந்து தோப்புக்காரர்கள் ஒரே வாரத்தில் மாட்டினால் பலன் கண்ணுக்குத் தெரியும். தனியாக நீங்கள் மட்டும் மாட்டினால், உண்மையைச் சொன்னால், ஊருக்கு ஈ பிடித்துக் கொடுத்த கதைதான்.

பொறியையும் ஒருமுறை சோதியுங்கள். பொறிக்குள் வைக்கும் மருந்துக் கட்டை நல்லது என்றால், ஒட்டுப்பலகைத் துண்டை எத்தனால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி மூன்றும் 6:4:1 என்ற அளவில் கலந்த கரைசலில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துச் செய்வார்கள். அது ஆறு வாரமாவது தாங்கும். பஞ்சில் நனைத்து வைப்பது சீக்கிரம் ஆவியாகிவிடும். தலை உயரத்துக்குச் சற்று மேலே, நிழலான கிளையில் கட்டுங்கள். கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவாவிட்டால் செத்த ஈயை எறும்பு இழுத்துப் போய்விடும், நீங்கள் ஈயே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். இன்னொன்று, பூச்சிக்கொல்லி இல்லாத லூரை (ஈயை இழுக்கும் வாசனைப் பொருளை) மலிவாகக் கிடைக்கிறது என்று தொங்கவிடாதீர்கள். மெத்தில் யூஜினாலை நக்கிவிட்டுத் தப்பித்துப் போகும் ஆண் ஈக்குப் பெண் ஈக்களிடம் மவுசு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே வந்தது சாக வேண்டும். இல்லையேல் மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து அனுப்பின மாதிரி.

பெண் ஈயைப் பிடிக்க வழி வேறு. முட்டை முதிர அதற்குப் புரதம் தேவை, அந்தப் பசிதான் நமக்குப் பிடி. கருவாட்டுத் தூள் பொறி இந்த அடிப்படையில் வந்ததுதான். ஆனால் அதன் வாசனை சில மீட்டருக்கு மேல் இழுக்காது, நாற்றமும் சகிக்காது. பழைய துண்டுப் பிரசுரங்களில் அதற்கு டைகுளோர்வாஸ் ஊற்றச் சொல்லியிருக்கும்; 2020 டிசம்பர் 31 முதல் அந்த மருந்துக்கு இந்தியாவில் தடை, எங்கேயாவது பழைய சரக்கு கிடைத்தாலும் தொடாதீர்கள். தோப்புக்கு எளிது உணவுக் கவர்ச்சித் தெளிப்புதான். முன்பு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லம், 20 மில்லி மாலத்தியான் 50 ஈசி கலப்பது வழக்கம்; 2023-ல் மாமரத்துக்கு மாலத்தியான் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்துவிட்டது. அதனால் மாவுக்கு இப்போது அனுமதியுள்ள மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு வெல்லக் கரைசலில் கலந்து, அடிமரத்திலும் கீழ்க் கிளை இலைகளிலும் திட்டுத் திட்டாக அடியுங்கள். மரம் முழுக்க நனைக்க வேண்டாம். வெல்லம் சுமாரான ஈர்ப்புதான். புரதக் கரைசல் கடையில் கிடைத்தால் அது மேல். வெல்ல வாசனைக்குத் தேனீயும் வரும் என்பதால் சாயங்காலம் அடிப்பது நல்லது. பறிப்புக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் பாருங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு விழுந்த காயை மரத்தடியிலேயே விட்டால் அத்தனையும் வீண். உங்கள் கேள்வியில் விழுந்த காயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு முக்கியமான சந்தேகம் அங்கேதான். புழு வளர்ந்ததும் காயைவிட்டு மண்ணில் இறங்கி, மேலாக இரண்டு மூன்று அங்குலத்துக்குள் கூண்டுப்புழுவாகும். அழுகின ஒரு மாங்காயிலிருந்து பல பத்து ஈக்கள் கிளம்பலாம், உங்கள் பொறி ஒரு வாரம் பிடித்ததை ஒரு கூடைக் காய் ஈடுகட்டிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்குங்கள். எருக்குழியில் கொட்டாதீர்கள். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். ஆள் கூலி உறைக்கும், தெரியும். ஆனால் பொறிக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து.

நீலம் பின்பருவ ரகம், மற்ற ரகங்களில் பெருகின ஈ கடைசியில் அதில்தான் வந்து இறங்கும். மரத்திலேயே பழுக்க விடாமல் முற்றியதும் பறியுங்கள். நல்ல விலைக்குப் போகும் காய் என்றால் 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்கி எடுத்தால் உள்ளே உள்ள முட்டையும் இளம்புழுவும் சாகும். ஆனால் வெப்பம் கூடாமலும் குறையாமலும் நிற்க வேண்டும். விறகடுப்பு அண்டாவில் செய்தால் காய் வெந்துவிடும்.

அப்புறம் பாகல். அங்கே ஈ விழாததற்குக் காரணம் சுலபம், அது வேறு ஈ. பந்தல் காய்களைக் குத்தும் ஈக்கு மெத்தில் யூஜினால் ஒட்டாது, கியூ லூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். கடையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி டப்பாதான் தருவார்கள், உள்ளே உள்ள கட்டை எது என்று கேட்டு வாங்குங்கள். கியூ லூரின் இழுப்பும் குறைவுதான். பாகலில் வரும் இன்னொரு ஈ இனம் இரண்டு லூருக்குமே மசியாது. எனவே பந்தலில் பொறியை நம்புவதைவிடப் பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுவதுதான் நிச்சயம். புடலைக்குக் கல் கட்டத் தினமும் பந்தலடியில் நிற்கிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. பூ உதிர்ந்து இரண்டு மூன்று நாளுக்குள் கட்டிவிட வேண்டும், குத்தின பிறகு கட்டினால் புழுவுக்குத்தான் பாதுகாப்பு. 2014 மே மாதம் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழ இறக்குமதியை நிறுத்தியபோது பாகலும் புடலும் அதே பட்டியலில் இருந்தன.

வாழைப்பழமும் சர்க்கரையும் போட்ட பாட்டில் பொறி பற்றி மேலும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதில் மொய்ப்பது பெரும்பாலும் அடுப்பங்கரையில் பறக்கும் சின்னப் புளிப்பு ஈ, அது நல்ல காயைக் குத்தாது. அதை எண்ணிப் பார்த்துத் தோப்புக்கு மருந்து முடிவு செய்யாதீர்கள்.